பிரைமர் வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு

இருபத்தெட்டு வருஷம் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், 2009 நவம்பரில், அமெரிக்கா போய் வந்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் போன டீச்சர் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வருஷம் அதையே பேசினார். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் தோட்டாக் கடை வாசலில் க்யூவில் நின்றேன். கடைசியில் எனக்குச் சரக்கும் கொடுக்கவில்லை.

முதல் மூன்று நாள் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், சித்தப்பா மகள் கோமதி வீட்டில். அங்கே தடுக்கி விழுந்தால் நம் ஆட்கள் வீட்டு வாசல்தான். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோமதியின் வீட்டுக்காரர் கோட்டு, காலில் சாக்ஸ். ஷூ மட்டும் எனக்கு ஆகாது, கடிக்கும். சாக்ஸோடு ஹவாய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்தேன். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சாக்ஸைக் கிள்ளிக் கிள்ளி விட வேண்டும். "அக்கா, உன்னோட கடைக்குப் போறதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் கோமதி. அவள் சுட்ட தோசை மாவில் புளிப்பே இல்லை என்று நான் சொன்னதற்குப் பதிலடி அது.

நான்காம் நாள் டெக்சாஸுக்கு விமானம். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் தம்பி சுந்தரம் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தான். அதில் உட்கார்ந்தால் ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போய்ச் சரியான வாசலில் விட்டுவிடுவாராம். ஐம்பது கிலோ மூட்டையை இழுத்துப் போட்டவள் நான், முழங்காலைத் தடவிக்கொண்டு நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டல்லாஸில் இறங்கியதும் சுற்றி வரும் பெல்ட்டில் என் பெட்டியை இன்னொருவர் தூக்குவதைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து ஒரே ஓட்டம். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், தள்ளி வந்த பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். அது என் பெட்டியும் இல்லை.

சுந்தரம் ரிச்சர்ட்சனில் பதினெட்டு வருஷமாக இருக்கிறான், டெலிபோன் சம்பந்தப்பட்ட கம்பெனியில் வேலை. அவன் மனைவி மாலதி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். மகள் நித்யாவுக்குப் பதினேழு வயது. வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நித்யாவிடம் எட்டு கேள்வி கேட்டேன், நாலு வார்த்தை பதில் வந்தது. நாலும் இங்கிலீஷ். எனக்கென்று இல்லை, அப்பா அம்மாவுக்கும் அதே கணக்குதான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாலதி என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க தம்பி துப்பாக்கி சுடறார், தெரியுமா உங்களுக்கு?"

"யாரைச் சுடறான்?" என்றேன்.

"மனுஷங்களை இல்லக்கா. கிளப்புல பேப்பர்ல வட்டம் போட்டு சுடற காம்பெடிஷன். அந்தப் புள்ளையையும் பழக்கி விட்டிருக்கார். சண்டே ஆனா ரெண்டு பேரும் சுடற ரேஞ்சுக்குப் போயிருவாங்க. மத்த நாள் கராஜ்ல உக்காந்து தோட்டா செய்வாங்க. எனக்கு அந்த ரூம் பக்கம் போகவே பயம். எட்டு மாசமா கடையில சாமான் கிடைக்கல, வீடு நிம்மதியா இருந்துச்சு. இப்ப ஸ்டாக் வர ஆரம்பிச்சிருச்சாம். நீங்க சொன்னா கேப்பாருக்கா. விடச் சொல்லுங்க."

"அதை என்கிட்ட விட்டுரு. அவனுக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்" என்றேன். இந்த வாய்ப் பேச்சு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அன்று சாயங்காலம் சுந்தரமே கராஜைக் காட்டினான். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜை, அதில் கரும்புச் சாறு மிஷின் தம்பி மாதிரி ஒரு இரும்புக் கைப்பிடி. சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்களாம். கழுவி, புது வெடிமருந்து போட்டு, புதுக் குண்டைச் செருகி மறுபடி தோட்டா ஆக்குவார்களாம். கூடு இருந்தது, மருந்து இருந்தது, குண்டு டப்பா டப்பாவாக இருந்தது. பிரைமர் என்ற ஒன்று மட்டும் இல்லை. உளுந்தளவு ஒரு மூடி, கூட்டின் அடியில் உட்காரும், அதுதான் பொறி வைக்கும். எல்லாம் தயாராக இருந்து கடுகு இல்லாமல் தாளிக்க முடியாத நிலைமை. மேஜை மேல் தூசி படிந்திருந்தது.

"ஏண்டா கிடைக்கல?"

"போன வருஷம் எலெக்‌ஷன் முடிஞ்சதும் தடை வரும், வரி வரும்னு ஒரு புரளிக்கா. ஆளாளுக்கு வாங்கி வீட்ல அடுக்கிட்டாங்க. இப்பத்தான் ஷெல்ஃப்ல தோட்டா தெரியுது. பிரைமர் கடைசியாத்தான் வருது. லாரி வர்ற அன்னிக்கு காலைல க்யூ. ஒருத்தருக்கு ஒரு பாக்ஸ்தான், அதுல நூறு இருக்கும்."

சீமெண்ணெய் நிற்கப் போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டதற்கு எங்கள் ஊரில் குடத்தோடு வந்து என் கடை ஷட்டரை வளைத்தார்கள். நான் அனுபவசாலியாகத் தலையாட்டினேன். மேஜையில் இருந்த குட்டித் தராசை மட்டும் பார்க்காத மாதிரி இருந்தேன். எடை விஷயத்தில் என் மேல் இரண்டு புகார் உண்டு.

"நாளைக்கு லாரி வருது. நித்யாவுக்குப் பதினெட்டு ஆகல, அவளுக்குக் கொடுக்க மாட்டாங்க. மாலதி வரமாட்டா. நீ வாக்கா, ரெண்டு பாக்ஸ் ஆகும். டிசம்பர்ல கிளப் மேட்ச் இருக்கு. மேட்சுக்கே எம்பது போயிரும், ப்ராக்டீஸுக்கு ஒரு பாக்ஸ் வேணும்."

சரி என்றேன். போகிற வழியில் புத்தி சொல்லித் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

ஃப்ரீவேயில் நல்ல வேகத்தில் போகும்போது, "தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இறங்க வேண்டிய எக்ஸிட் அந்த நேரத்தில் போய்விட்டது. "ஐயோ அக்கா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். நம் ஊரென்றால் அப்படியே வளைத்துத் திரும்பி நாலு திட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே அடுத்த எக்ஸிட் வரை போய், பாலத்தில் ஏறி, சுற்றிக்கொண்டு வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்களோ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. புத்தி சொல்ல வந்தது மறந்தே போனது.

கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பதினைந்து பேர் நின்றார்கள். கையில் காபி, வாயில் ஆவி. அவர்கள் பேசியதைச் சுந்தரம் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். "பக்கத்து ஊரில் நேற்றே வந்துவிட்டதாம்." "என் மச்சான் போகும்போது தீர்ந்துவிட்டது." "தெரிந்தவர்களுக்கு உள்ளே எடுத்து வைத்துவிடுகிறான் கடைக்காரன்." கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் சொந்தமாக எடுத்துக்கொண்டேன்.

கடை திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சுந்தரத்துக்கு ஆபீஸ் போன். "நீ பாத்துக்கக்கா, அஞ்சு நிமிஷம்" என்று காருக்குப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் குளிர் தன் வேலையைக் காட்டியது. அவசரம். பக்கத்தில் ஒரு டோனட் கடை தெரிந்தது. வரிசையை விட்டால் இடம் போய்விடும், யாரிடமும் சொல்லிவிட்டுப் போக மொழியில்லை.

என் ரேஷன் கடையில் ஆள் நின்ற நாளை விட பை நின்ற நாள்தான் அதிகம். பை, கல், உடைந்த குடம், எதையாவது போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வருவார்கள். என்னிடம் பை இல்லை. செருப்பைக் கழற்றினேன். ஒருத்தருக்கு ஒரு பெட்டிதானே? ஜோடியாக வைத்தால் ஒரு ஆள் கணக்காகிவிடும் என்று இடது செருப்பை எனக்கும் அதன் பின்னால் வலது செருப்பைச் சுந்தரத்துக்கும் வைத்தேன். பின்னால் நின்ற பெரிய தொப்பிக்காரருக்குச் செருப்பையும் காட்டி என்னையும் காட்டிவிட்டு, சாக்ஸோடு ஓடினேன்.

டோனட் கடையில் சும்மா உள்ளே போய் வரக் கூச்சமாக இருந்ததால் ஒன்று வாங்கினேன். மெதுவடையைச் சர்க்கரைப் பாகில் தவற விட்ட மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள சட்னி எதிர்பார்த்த நாக்கு கடைசி வரை சமாதானம் ஆகவில்லை.

திரும்பி வந்தால் கடை திறந்திருந்தது, வரிசை நகர்ந்துவிட்டது. என் செருப்பு பழைய இடத்தில் இல்லை. செடிக்குள் உதைத்திருப்பார்கள் என்று தேடப் போனேன். என் கடை வாசலில் அப்படித்தான் நடக்கும், அதைத் தடுக்க நான் ஒரு நாளும் எழுந்து வந்தது கிடையாது. இங்கே செருப்பு இரண்டும் வாசற்படி அருகில் வரிசையிலேயே இருந்தன. முன்னால் ஒரு ஆள், பிறகு இடது செருப்பு, ஒரு ஆள் நிற்க இடம் விட்டு வலது செருப்பு, அதற்குப் பின் தொப்பிக்காரர். ஒருவர் உள்ளே போனதும் அவர் பூட்ஸ் நுனியால் முதலில் இடதை ஒரு அடி தள்ளினார், பிறகு வலதை. சுந்தரமும் ஓடி வந்து சேர்ந்தான். தொப்பிக்காரர் அவனிடம் ஏதோ சொன்னார்.

"உங்க ஆளுங்க ரெண்டு பேரும் சத்தமே போடாத நல்ல ஆளுங்கங்கறார்" என்றான் சுந்தரம், தலையில் கை வைத்துக்கொண்டு.

கவுண்டர். சுவரில் மாட்டிய மான் தலைகளுக்குக் கீழே தாடி வைத்த ஒரு இளைஞர், அவர் பின்னால் சின்னச் சின்னப் பெட்டிகள். என் முறை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவுண்டருக்கு வெளியே நிற்கிறேன். கார்டு இல்லாமல் யாருக்கும் எதுவும் கொடுக்காதவள். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய், பாஸ்போர்ட்டை எடுத்து, அவர் முன்னால் விரித்து நீட்டியது.

அவர் கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் போனவர் கூட எதையும் நீட்டவில்லை. விசா பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுந்தரத்திடம் மெதுவாகப் பேசினார். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இதை விற்கக் கூடாது, சட்டம், மன்னிக்கணும் அம்மா.

"யாருக்கா உங்கிட்ட பாஸ்போர்ட் கேட்டா?"

"கார்டு காட்டாம எப்படிடா சாமான் வாங்குவாங்க?"

நீட்டாமல் வாங்கியிருந்தால் எனக்கும் வம்பு, அவருக்கும் வம்பு என்று பிறகு சுந்தரமே ஒத்துக்கொண்டான். அவனுக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு முகம் சுண்டிப்போனது. எத்தனை பேரைக் கார்டில் பேர் இல்லை என்று திருப்பியிருக்கிறேன்! அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சுந்தரத்துக்கு ஒரு பெட்டி கிடைத்தது. திரும்பும் வழியில் ஒரு கடையில் டாக்கோ வாங்கிக் கொடுத்தான். சப்பாத்திக்குள் முட்டையும் உருளைக்கிழங்கும். பச்சை மிளகாய் மாதிரி ஒன்று கூட இருந்தது. "காரம்க்கா" என்றான். "பொள்ளாச்சிக்காரிகிட்டயா?" என்று முழுசாக வாயில் போட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் மாலதி சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. விக்கிக்கொண்டே சொன்னேன். "இதையெல்லாம் விட்டுரு தம்பி."

அவன் கோபப்படவில்லை. சாப்பிட்ட காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான்.

"ஆகஸ்ட்ல அவ காலேஜ் போயிருவாக்கா. இந்த எட்டு மாசத்துல அவகிட்ட பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல. டின்னர் ரெடி, கார் சாவி எங்க, குட்நைட். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் கராஜில் விளக்கு எரிந்தது. எனக்கு எதையும் தொடும் உரிமை இல்லை என்பதால் கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நித்யா கண்ணாடி மாட்டிக்கொண்டு தராசின் முன்னால் இருந்தாள். சுந்தரம் அவளுக்கு எடுபிடி. மருந்து ஒரு துளி கூடினாலும் திரும்பக் கொட்டினாள்.

"அப்பா, இது ஜாஸ்தி. எடுங்க. ம்ம், இப்ப கம்மி. இருங்க, அவசரப்படாதீங்க."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. முழுசாகத் தமிழ், கொஞ்சம் வழுக்கலோடு. கேட்டால் விஷயம் இது: ரேஞ்சில் காற்று எந்தப் பக்கம், துப்பாக்கிக் குறியை எத்தனை கிளிக் திருப்பணும் என்று அப்பா பின்னால் இருந்து சொல்வாராம். மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று பன்னிரண்டு வயதில் அவளே போட்ட சட்டம், துப்பாக்கி விஷயம் எல்லாம் தமிழில்தான். அந்தப் பேச்சு இந்த மேஜைக்கும் வந்து, பள்ளிக்கூடம், சிநேகிதிகள் வரைக்கும் பரவிவிட்டது. பிரைமர் நின்றதும் பேச்சும் நின்றது.

"அத்தை, நீங்க எடை கம்மியா போடுவீங்கன்னு அப்பா சொன்னாங்க. நிஜமா?"

"உங்கப்பனுக்கு வேற வேலை இல்ல. தராசுல தூசி இருக்கும், அது எடையைக் காட்டும்."

"தூசி இருந்தா எடை ஜாஸ்திதானே காட்டும்? அப்ப ஜனங்களுக்கு அரிசி கம்மியாத்தானே போகும்?"

இருபத்தெட்டு வருஷத்தில் எந்தத் தாசில்தாரும் கேட்காத கேள்வி. சுந்தரம் சிரித்த சிரிப்பில் பெயிண்ட் வாளி ஆடியது.

கராஜ் கதவுக்கு அந்தப் பக்கம்தான் வாஷிங் மிஷின். தண்ணீர் குடிக்கப் போனபோது மாலதி துணிக் கூடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். மிஷின் ஓடவில்லை. அந்த அறைப் பக்கமே போக பயம் என்றவள், எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாக்கா. நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல 'ஓகே'ங்கறா. இங்க இவ்வளவு பேசறா" என்றாள். பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. "உங்களை என்ன சொல்லச் சொன்னேன்? நீங்க போய் க்யூவுல நின்னுட்டு வந்திருக்கீங்க!"

வழக்கமாக இந்த இடத்தில் 'நாளைக்கு வா' என்பேன். அந்தப் பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "மாலதி, அந்த ரெண்டாவது பெட்டி என்னால வாங்க முடியாது. உன்னால முடியும்" என்று மட்டும் சொன்னேன். அவள் மிஷின் மூடியை டமாரென்று சாத்தினாள்.

சனிக்கிழமை மறுபடி லாரி. சுந்தரத்துக்கு ஆபீஸில் விட முடியாத வேலை. காலையில் நான் எழுந்து வந்தபோது மாலதி கோட்டு போட்டு நின்றாள். "எனக்கு துப்பாக்கி புடிக்காது. இன்னைக்கும் புடிக்காது. நித்யா, நீ வந்து எது வேணும்னு காட்டு. அக்கா, நீங்க பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு வர வேண்டாம், கார்லயே இருங்க."

காரில் இருந்தேன். வரிசையில் நிற்கவும் லாயக்கில்லாதவளாக, கண்ணாடி வழியாக அம்மாவையும் மகளையும் பார்த்தேன். முதலில் இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாலதி பலகையில் எதையோ காட்டிக் கேட்டாள். நித்யா விரலால் அளவு காட்டினாள். மாலதி இன்னொன்று கேட்டாள். அதற்குமேல் மனசு கேட்காமல் நானும் இறங்கி அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன்.

மாலதிக்கு முன்னால் நின்றவரோடு பெட்டி தீர்ந்தது. தாடிக்காரர் கையை விரித்தார். எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. துப்பாக்கியே பிடிக்காத மாலதி, என் கடையில் சண்டை போட்ட பெண்கள் மாதிரியே இடுப்பில் கை வைத்தாள். இங்கிலீஷில்தான் பேசினாள், எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. உள்ளே ஒரு பெட்டி இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு.

என் கடையில் உள்ளே எப்போதும் இருக்கும். ஒரு மூட்டையாவது இருக்கும். இல்லை என்று சாதித்துவிட்டு, தெரிந்தவர்களுக்கு மத்தியானம் கொடுப்பேன். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் பின்னால் இருந்த அறைக் கதவை அகலத் திறந்து, வந்து பாருங்கள் என்று மாலதியைக் கூப்பிட்டார். வெறும் அலமாரி. நான் மான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்றான்" என்று மாலதி பொரிந்துகொண்டே வெளியே வந்தாள். "ஏழு மணிக்கே வந்துரணும்."

"ஆறரைக்கு வரணும்மா" என்றாள் நித்யா.

நான் திங்கட்கிழமை கிளம்பினேன். கிளம்பும்போது என் ஹவாய்ச் செருப்பைக் கழுவித் துடைத்து மாலதி கையில் கொடுத்தேன். அவள் தன் பழைய ஷூவைக் கொடுத்தாள். கடித்தது. நியூ ஜெர்சி விமான நிலையத்தில் நொண்டிக்கொண்டே சக்கர நாற்காலியில் ஏறினேன், இந்தத் தடவை நியாயமாக.

செவ்வாய்க்கிழமை காலை, கோமதி வீட்டில் புளிக்காத தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எடுத்தேன். பின்னால் தட்டுச் சத்தம், சுந்தரம் எதற்கோ இருமுவது, மாலதி அவனை அதட்டுவது.

"அத்தை, நித்யா பேசறேன். உங்க செருப்பு ஏழாவதும் எட்டாவதும் நிக்குது. ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. தொப்பித் தாத்தா அதைத் தள்ளி விடறேன்னு சொல்லிட்டாங்க. நாங்க மூணு பேரும் டோனட் கடையில உக்காந்து பேசிட்டு இருக்கோம்."